அரிய நாணயம், பழைய தபால்தலை... தபாலில் அனுப்பப்போறீங்களா? இன்ஷூரன்ஸ் பணம் கைக்கு வரணும்னா இதையெல்லாம் கவனிங்க!

உலகப் புகழ்பெற்ற 'ஹோப்' வைரம் எப்படி மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? துப்பாக்கி ஏந்திய காவலர்கள், குண்டு துளைக்காத வண்டி... அதெல்லாம் கிடையாது. சாதாரண பிரவுன் பேப்பரில் சுற்றி, பதிவுத் தபாலில் போனது!

1958 நவம்பர் 8-ம் தேதி, நியூயார்க் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன் அந்த வைரத்தை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குத் தபாலில் அனுப்பினார். மொத்தச் செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கட்டணம் வெறும் 2 டாலர் 44 சென்ட்தான். மீதி 142 டாலர் 85 சென்ட்டும், சுமார் 10 லட்சம் டாலருக்கான காப்பீட்டுக்காகக் கட்டியது. நவம்பர் 10-ம் தேதி தபால்காரர் ஒருவர் பார்சலைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கு. வின்ஸ்டன் தபாலை நம்பினார். ஆனால், நம்பிக்கையை மட்டும் நம்பவில்லை!

இன்னிக்கு நாணயம், தபால்தலை, பழைய ரூபாய் நோட்டு, போக்கிமான் கார்டு, ஹாட் வீல்ஸ் கார், பழைய காமிக்ஸ், சினிமா பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு எனச் சேகரிப்புப் பொருள்கள் எல்லாமே இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் கைமாறுது. ஜிபே-யில் பணம் வந்த ஐந்தாவது நிமிஷம் பார்சல் ரெடி. தபால் ஆபீஸ் கவுன்டரில் ஒரு ரசீது. அவ்வளவுதான் வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம். பார்சல் காணாமல் போகும் நாளில்தான், அந்த ரசீதுக்கு என்ன மதிப்பு என்பது தெரியவரும்.

'ரெஜிஸ்டர்' வேற... 'இன்ஷூரன்ஸ்' வேற!

பெரும்பாலானவங்க குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். 'ரெஜிஸ்டர் பண்ணி அனுப்பிட்டேன், தொலைஞ்சா தபால் துறை பணம் கொடுக்கும்' என்று நினைப்பது தவறு.

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லை. ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். இப்போது ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பும்போது 'பதிவு' என்பது கூடுதல் வசதி. அதற்கு 5 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும் கட்ட வேண்டும். ஓ.டி.பி சொன்னால் மட்டுமே பார்சலைக் கொடுக்கும் வசதிக்கும் இதே 5 ரூபாய் பிளஸ் ஜி.எஸ்.டி-தான். இரண்டுமே நல்ல வசதிகள். பார்சல் தப்பான கைக்குப் போகாமல் தடுக்கும். ஆனால், பொருளின் மதிப்புக்கு இவை எந்தப் பொறுப்பும் ஏற்காது.

அப்போ, இன்ஷூரன்ஸ் எடுக்காத ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் என்ன கிடைக்கும்? நீண்ட காலமாக நடைமுறையில் இருக்கும் விதி இதுதான்: நீங்கள் கட்டிய ஸ்பீடு போஸ்ட் கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 'எது குறைவோ' என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனிங்க. 70 ரூபாய் கட்டி அனுப்பியிருந்தால், அதிகபட்சம் 140 ரூபாய். உள்ளே இருந்தது 18,000 ரூபாய் நாணயமாக இருந்தாலும் அதே 140 ரூபாய்தான்!

'கேஸ் போடுவேன்' என்று கோபப்படுவது நியாயம்தான். ஆனால், சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்க்கணும். 1898-ம் ஆண்டின் இந்திய அஞ்சல் சட்டத்துக்குப் பதிலாக வந்த அஞ்சல் சட்டம் 2023, 2024 ஜூன் 18 முதல் அமலில் இருக்கிறது. அதன் 10-வது பிரிவுப்படி, விதிகளில் குறிப்பிட்ட பொறுப்பைத் தவிர வேறு எந்தப் பொறுப்பும் தபால் துறைக்குக் கிடையாது. விதியில் உள்ள அந்தப் பொறுப்பை, காசு கொடுத்து நீங்கள் பெரிதாக்கிக்கொள்ளும் ஒரே வழிதான் இன்ஷூரன்ஸ்.

தனியார் கூரியர்ல அனுப்பினா?

அங்கேயும் இதே கதைதான். கூரியர் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் விதிமுறைகளை என்றைக்காவது படிச்சிருக்கீங்களா? பொறுப்பு இவ்வளவு தொகைக்கு மட்டும்தான் என்று அதில் இருக்கும். நகை, பணம், நாணயம், பழம்பொருள் போன்றவற்றை ஏற்பதே இல்லை என்றும் பல நிறுவனங்களின் விதிமுறையில் இருக்கும். ஏற்காத பொருளை 'கிஃப்ட் அயிட்டம்' என்று சொல்லி அனுப்பினால், தொலைந்த பிறகு பேசவே வழியில்லை.

இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே உண்டு. பாரதி நிட்டிங் கம்பெனி, டி.ஹெச்.எல் கூரியருக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கு. ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. நிறுவனத்துக்குப் பெரிய நஷ்டம். ஆனால், கையெழுத்திட்ட ரசீதில் பொறுப்பு 100 டாலர் வரைதான் என்று இருந்தது. 'கையெழுத்துப் போட்ட நிபந்தனை உங்களைக் கட்டுப்படுத்தும்' என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிடைத்தது அந்த 100 டாலர்தான். கூரியரில் அனுப்புவதாக இருந்தால், இந்தப் பொருளை ஏற்கிறார்களா, மதிப்பை அறிவித்துக் காப்பீடு எடுக்க முடியுமா என இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்க.

கூட்டியும் சொல்லாதீங்க... குறைச்சும் சொல்லாதீங்க!

சரி, இன்ஷூரன்ஸ் எடுக்க முடிவு பண்ணியாச்சு. கவுன்டரில் 'எவ்வளவு மதிப்பு?' என்று கேட்பார்கள். இந்த ஒரு பதில்தான் பின்னால் கிடைக்கப்போகும் தொகையைத் தீர்மானிக்கும்.

1898 சட்டத்தின் 33-வது பிரிவு மூன்று அடிப்படைகளைத் தெளிவாக வைத்தது. ஒன்று, இன்ஷூர் செய்த தொகைக்கு மேல் கிடைக்காது. இரண்டு, தொலைந்த பொருளின் உண்மை மதிப்புக்கோ, ஏற்பட்ட சேதத்துக்கோ மேலும் கிடைக்காது. மூன்று, இழப்பீடு அனுப்பியவருக்குத்தான். பழைய சட்டம் போய்விட்டாலும், தபால் இன்ஷூரன்ஸைப் புரிந்துகொள்ள இந்த மூன்றும் போதும்.

மதிப்பு கூடக்கூட இன்ஷூரன்ஸ் கட்டணமும் கூடும். அதனால் 18,000 ரூபாய் நாணயத்தை 'ரெண்டாயிரம்னு போடுங்க சார்' என்று சொல்லத் தோணும். தொலைந்தால் 2,000-க்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. சரி, பாதுகாப்புக்கு 50,000 என்று போட்டுவிடலாமா? அப்பவும் நிரூபிக்க முடிகிற உண்மை மதிப்புதான் கிடைக்கும். கூடுதலாகக் கட்டிய கட்டணம் வீண். அதோடு, மதிப்பை ஏற்றிச் சொன்னதாகச் சந்தேகம் வந்தால் மொத்த கிளெய்முக்கும் சிக்கல்.

உள்நாட்டுத் தபாலில் இன்ஷூரன்ஸ் வரம்பு 1 லட்சம் ரூபாய். கிராமத்துக் கிளை அஞ்சலகங்களில் வரம்பு மிகக் குறைவு. அதனால், மதிப்புள்ள பொருளை ஊரில் உள்ள சின்ன தபால் ஆபீஸில் கொடுக்காமல், தலைமை அஞ்சலகத்துக்கோ பெரிய துணை அஞ்சலகத்துக்கோ போய் புக் பண்ணுங்க. 1 லட்சத்துக்கு மேல் மதிப்பு என்றால், பிரித்து அனுப்பலாம். ஆனால், செட்டாக இருந்தால்தான் மதிப்பு என்கிற பொருள்களைப் பிரிக்காதீங்க. 1948 ஆகஸ்ட் 15-ல் வெளியான காந்தி தபால்தலைகளை எடுத்துக்கோங்க. ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய் என நான்கு தலைகள் சேர்ந்தது ஒரு செட். அதில் 10 ரூபாய் தலை தொலைந்தால், கையில் இருக்கும் மற்ற மூன்றும் 'செட்' இல்லை. இந்த மாதிரிப் பொருளை ரயிலேறி நேரில் கொடுத்துவிட்டு வருவதே லாபம்!

'அது அவ்ளோ விலை பெறும்னு எப்படிச் சொல்றீங்க?'

சேகரிப்புப் பொருள்களில் கிளெய்ம் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. செல்போன் தொலைந்தால் பில் இருக்கும். 10 ரூபாய் முகமதிப்புள்ள தபால்தலைக்கு? 'முத்து காமிக்ஸ்' முதல் இதழான 'இரும்புக்கை மாயாவி'க்கு? அட்டையில் அச்சிட்ட விலை இன்று ஒரு டீக்குக்கூட ஆகாது. சேகரிப்பாளருக்கு அது பொக்கிஷம்; கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குப் பழைய புத்தகம். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் காகிதத்தில் ஆதாரம் வேண்டும்.

அனுப்புவதற்கு முன்பே இவற்றைத் தயார் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்க:

விற்பனை ஆதாரம்: பொருளின் பெயர், ஆண்டு, தரம், விலை, இருவர் பெயர், தேதி எல்லாம் உள்ள ஒரு எளிய பில். கூடவே, அதே தொகைக்கான யு.பி.ஐ அல்லது வங்கிப் பரிவர்த்தனை. வெறும் 'ஓகே ப்ரோ, அனுப்பிட்டேன்' சாட் போதாது.

நீங்கள் வாங்கிய ஆதாரம்: ஏலத்திலோ டீலரிடமோ வாங்கியிருந்தால் அந்த ரசீது.

தரச்சான்று: நாணயத்துக்கு பி.சி.ஜி.எஸ், என்.ஜி.சி, ரூபாய் நோட்டுக்கு பி.எம்.ஜி, கார்டுகளுக்கு பி.எஸ்.ஏ போன்ற நிறுவனங்கள் தரம் பார்த்து, எண்ணிட்ட உறையில் சீல் செய்து தருகின்றன. அந்த எண்ணைக் குறித்து வையுங்க. பின்னாளில் அதே பொருள் எங்காவது விற்பனைக்கு வந்தால், அடையாளம் காட்டப்போவது அந்த எண்தான்.

மதிப்பீட்டுக் கடிதம்: தாத்தா விட்டுப்போன ஆல்பம் மாதிரி, பில்லே இல்லாத பொருளுக்கு இது அவசியம். அங்கீகாரமுள்ள டீலர் ஒருவரிடம் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்க. யாரைக் கேட்பது என்று தெரியவில்லையா? சேகரிப்பாளர் சங்கங்களில் விசாரிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை... கேட்லாக் விலையை அப்படியே 'மதிப்பு' என்று போடாதீங்க. ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்லாக்கில் உள்ளது அந்த நிறுவனம் நல்ல தரத்தில் உள்ள தலையை விற்கும் விலை. உங்கள் தலையில் மடிப்போ, பசை போன தடமோ இருந்தால் அந்த விலை பொருந்தாது. சமீபத்தில் அதே தரத்தில் உள்ள பொருள் உண்மையில் விற்ற விலையைக் காட்டுவதுதான் பலம்.

பேக்கிங்கும் ஒரு சாட்சிதான்!

பேக்கிங் சரியில்லாததால்தான் சேதம் என்று தெரிந்தால் இன்ஷூரன்ஸ் இருந்தும் பலனில்லை. அதனால் கஞ்சத்தனம் வேண்டாம்.

நாணயத்தைச் சாதாரணக் கவரில் போட்டால், அது உள்ளேயே ஆடி ஆடி, ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஹோல்டரில் வைத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே நகராதபடி ஒட்டுங்க. பி.வி.சி பிளாஸ்டிக் உறை வேண்டாம். நாளடைவில் நாணயத்தின் மேல் பச்சைப் பிசுக்கு படியும். தபால்தலையை கிளாசின் கவரிலும், அதன் மேல் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையிலும் வையுங்க. ஐப்பசி மழையில் நனைந்தால், பின்பக்கப் பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கார்டுகளுக்கு மெல்லிய உறை, அதன் மேல் கெட்டியான டாப் லோடர். இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்து, இரண்டு பக்கமும் கெட்டி அட்டை கொடுங்க.

வெளிப்பெட்டியின் மேல் 'அரிய நாணயம்', 'விலையுயர்ந்தது' என்றெல்லாம் எழுதாதீங்க. 1905-ல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 கேரட் குல்லினன் வைரத்தை லண்டனுக்கு அனுப்பியபோது, கப்பலில் காவலோடு போனது போலி. அசல், சாதாரணப் பெட்டியில் தபாலில் போனது! கவனத்தை ஈர்க்காமல் இருப்பதே பாதி பாதுகாப்பு.

இன்ஷூர் செய்த தபாலுக்கு என்றே சில பழைய ஒழுங்குமுறைகள் உண்டு. மூடிய இடங்களில் அரக்கு சீல் வைக்க வேண்டும். அந்த முத்திரை உங்களுடைய தனி அடையாளமாக இருக்க வேண்டும்; ஒரு ரூபாய்க் காசை அழுத்திப் பதித்தால் ஏற்க மாட்டார்கள். ஏன்னா, அந்தக் காசு யாரிடமும் இருக்குமே! இன்ஷூர் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. எடை ரசீதில் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்க. வழியில் யாராவது பிரித்து எடுத்தார்களா என்பதற்கு, சீலும் எடையும்தான் பிற்பாடு பேசப்போகும் சாட்சிகள்.

பேக் செய்வதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்க. பொருளின் இரண்டு பக்கமும், தராசில் எடையும், மூடிய பெட்டியும், கடைசியில் தபால் ரசீதின் எண்ணும் அதில் தெரியணும்.

பணம் ஒருத்தருக்கு... நஷ்டம் இன்னொருத்தருக்கு!

இன்ஷூரன்ஸ் இழப்பீடு அனுப்பியவருக்குத்தான் என்று பார்த்தோம். ஆனால், ஆன்லைன் விற்பனையில் காசு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் வாங்கியவர். நட்புகள் உடைவதும், குரூப்பில் 'ஸ்கேமர்' என்று பட்டம் கிடைப்பதும் இந்த இடத்தில்தான்.

1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 39-வது பிரிவில், வாங்குபவருக்கு அனுப்புவதற்காகச் சரக்கைப் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைப்பதை, மேலோட்டமாக வாங்குபவரிடமே ஒப்படைத்ததாக எடுத்துக்கொள்கிறது. அதேநேரம், பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாட்டோடு அனுப்ப வேண்டிய கடமை விற்பவருக்கு உண்டு. 18,000 ரூபாய் நாணயத்தை இன்ஷூரன்ஸ் இல்லாமல் அனுப்பியது நியாயமான ஏற்பாடா என்ற கேள்வி வந்தால், பதில் சொல்வது கஷ்டம்.

அதனால், பணம் கைமாறும் முன்பே வாட்ஸ்அப்பில் மூன்று வரி எழுதிக்கோங்க: இன்ஷூரன்ஸ் கட்டணம் யாருடையது? தொலைந்தால் பணத்தை யார், எத்தனை நாளில் திருப்பித் தரணும்? கிளெய்ம் தொகை வந்தால் யாருக்குப் போகும்? இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்று வாங்குபவரே சொன்னால், அதையும் எழுத்தில் வாங்குங்க.

பார்சல் கிழிஞ்சு வந்தா..?

வாங்குபவர்களே, இது உங்களுக்கு. சீல் உடைந்திருந்தாலோ, டேப் மாற்றி ஒட்டியதுபோலத் தெரிந்தாலோ, எடை குறைந்திருந்தாலோ அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீங்க. தபால் ஆபீஸிலேயே அதிகாரி முன்னிலையில் எடை போட்டுப் பிரித்து, உள்ளே இருந்ததை எழுதிப் பதிவு செய்யக் கேளுங்க. எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போய், வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டுப் புகார் செய்தால், பார்சல் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டதாகத்தான் உங்கள் கையெழுத்து சொல்லும். பெட்டி, டேப், அரக்கு, உள்ளே வைத்த பஞ்சு என எதையும் குப்பையில் போடாதீங்க.

பார்சல் வரவே இல்லையா? அனுப்பியவர் செய்ய வேண்டியது இதுதான்:

1. டிராக்கிங் ஒரே இடத்தில் நின்றால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அன்றே புகார் பதிவு செய்யுங்க. தபால் துறை இணையதளத்திலோ, 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலோ பதியலாம். புகார் எண் முக்கியம்.

2. புக் செய்த தபால் ஆபீஸில் எழுத்துபூர்வமாகக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்க. இழப்பீடு கேட்பதாக அதில் தெளிவாக எழுதுங்க. 'விசாரிக்கவும்' என்று மட்டும் எழுதினால், விசாரித்ததாகப் பதில் வரும், பணம் வராது!

3. ரசீது, மதிப்பு ஆதாரம், புகைப்படங்கள் ஆகியவற்றின் நகலை இணையுங்க. அசல் ரசீதைக் கேட்டால், நகல் எடுத்துக்கொண்டு, ஒப்புதல் வாங்கிய பிறகே கொடுங்க.

4. காத்திருந்து காலத்தைக் கடத்தாதீங்க. அனுப்பிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் பதிவாகியிருக்க வேண்டும். 'வந்துடும், வந்துடும்' என்ற சமாதானத்திலேயே பலருக்கு அது ஓடிவிடுகிறது.

5. பதில் இல்லை என்றால் கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்க. மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் குறைதீர் தளத்திலும் பதியலாம். அதற்கும் மேலே, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வெளிநாட்டுக்கு அனுப்பறீங்களா? ஒரு நிமிஷம்!

100 ஆண்டுகளுக்கு மேல் பழைமையான நாணயம், 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். சோழர் காசு, விஜயநகரக் காசு மட்டுமல்ல. 1835-ம் ஆண்டின் கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாய்கூட இதில் வரும். தனிநபர்கள் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. அனுப்பக் கூடியதாக இருந்தாலும், சுங்கப் படிவத்தில் 'கிஃப்ட், 10 டாலர்' என்று குறைத்துப் போடாதீங்க. நாளைக்கு 300 டாலர் கிளெய்ம் கேட்டால், உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும்.

இன்னொரு வலையும் இருக்கு. 'உங்க பழைய அஞ்சு ரூபா நோட்டுக்கு லட்சக்கணக்கில் தர்றோம், முதல்ல இன்ஷூரன்ஸ் சார்ஜ், கூரியர் சார்ஜ் அனுப்புங்க' என்று போன் வந்தால், கட் பண்ணிடுங்க. ரிசர்வ் வங்கியின் பெயரைப் பயன்படுத்தி நடக்கும் இந்த மோசடி பற்றி, ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்திருக்கிறது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தாங்கள் ஈடுபடுவதே இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. இன்ஷூரன்ஸ் பணத்தை நீங்கள் கட்ட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்... பார்சலை ஒப்படைக்கும் கவுன்டர்!

அடுத்த முறை கவுன்டரில் நிற்கும்போது இந்த ஐந்தையும் மனசுக்குள்ள டிக் பண்ணிக்கோங்க: உண்மை மதிப்பு, அதற்கு ஆதாரம், உறுதியான பேக்கிங், ரசீதில் எடையும் இன்ஷூர் தொகையும், வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம். இதில் ஒன்று குறைந்தாலும் வரிசையிலிருந்து நகர்ந்து, சரிபண்ணிட்டு வாங்க. பார்சல் ஒரு நாள் தாமதமாகப் போனால் ஒன்றும் ஆகிவிடாது.